12 வருடம், ஒவ்வொரு அறையாக

அப்பா கட்டின வீடு இது. நாங்கள் திரும்பி வந்து குடியேறியபோது கையிலிருந்த பணம் ஓர் அறையைச் சரிசெய்யத்தான் காணும். கடன் மட்டும் வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தோம். அதனால் வருடத்துக்கு ஒரு வேலை. 12 வருடம் ஓடிவிட்டது, மாடி அறை இன்னும் பாக்கி.

இத்தனை வருடத்தில் வீணாய்ப் போன காசு எல்லாம் வரிசை தப்பியதால் போனதுதான். கண்ணில் படுவது சுவர் என்பதால் ஹாலுக்கு முதலில் பெயின்ட் அடித்தோம். அடுத்த வருடமே வயரிங்கில் கை வைக்க வேண்டி வந்தது. பழைய வீடு, எல்லாப் பாயின்டுக்கும் எர்த் கம்பி போகவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கும். எலெக்ட்ரீஷியன் சுவரைக் காடி வெட்டிக் குழாய் பதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும் ஆர்சிசிபி ஒன்றையும் மாட்டினார். ஒரு குறையும் இல்லாத வேலை. ஆனால் புதுப் பெயின்ட் சுவரில் கோடு கோடாய்ப் பூச்சு. பூசிய இடத்தில் மட்டும் அடித்தால் நிறம் சேரவில்லை. முழுச் சுவரையும் திரும்ப அடித்தோம். அதிலிருந்து குழாயும் வயரும் முடியாமல் பெயின்ட் டப்பாவைத் திறப்பதில்லை.

சமையலறைதான் நான் சொல்ல வந்தது. 25 வருடமாக அம்மா ஒரு பலகைமேல் நின்றுதான் சமைத்திருக்கிறார். அந்தப் பலகையைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், அது ஏன் அங்கே கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மேடை தரையிலிருந்து 36 அங்குலம், அம்மா 4 அடி 10 அங்குலம். கையை மடக்கி நின்றால் முழங்கைக்கு நான்கிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் தூக்காமல் நறுக்கலாம், கிளறலாம். அம்மாவை நிற்க வைத்து டேப்பில் அளந்தேன். 32 வந்தது.

கொத்தனாரிடம் சொன்னபோது, "மேடையை ஏத்தித் தரச் சொல்வாங்க, இறக்கச் சொல்லி இப்பத்தான்மா கேக்கறேன்" என்றார். கிரானைட் கல் இரண்டு துண்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அடுப்புப் பக்கத்துத் துண்டை நான்கு பேர் பிடித்துக் கழற்றி, கீழே தாங்கும் சுவரைக் குறைத்து, அதே கல்லைத் திரும்ப வைத்தார்கள். புதுக் கல் வாங்கவில்லை. சிங்க் பக்கத்தைத் தொடவில்லை, அதை இறக்கினால் சுவருக்குள் போகும் கழிவுக் குழாயையும் இறக்க வேண்டும். செலவுக்குப் பயந்து விட்டதுதான் சரியான முடிவாகவும் அமைந்தது. பாத்திரம் கழுவும்போது கை வேலை செய்வது தொட்டியின் அடியில். அது மேடையைவிட ஏழெட்டு அங்குலம் கீழே இருக்கிறது, அதனால் சிங்க் உயரமாய் இருந்தால்தான் முதுகு வளையாது.

அலமாரிகளுக்குக் கீலும் கைப்பிடியும் மட்டும் மாற்றினோம், போதுமாக இருந்தது. நீங்கள் எதில் தொடங்கினீர்கள்?

* * *

அக்கா, பலகை விஷயத்தைப் படிச்சதும் எழுந்து போய் எங்க வீட்டு மேடையை அளந்துட்டு வந்தேன்.

எங்களுக்கு எதிரி ஈரம். பாத்ரூமை ஒட்டின படுக்கையறைச் சுவர். மூணு வருஷத்துல மூணு தடவை பெயின்ட் அடிச்சோம். ஆறு மாசம் நல்லா இருக்கும், அப்புறம் வெள்ளையா உப்புப் பூக்கும், கொப்புளம் கிளம்பும், விரல் வச்சா மாவு மாதிரி கொட்டும். பெயின்ட் மட்டமானதுன்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் இன்னும் விலை கூடினதா வாங்கினேன். அந்தக் காசை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறலை.

கடைசியா வந்த பெயின்டர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை அந்தச் சுவர்ல வச்சு, நாலு பக்கமும் காத்துப் போகாம டேப் ஒட்டி, ரெண்டு நாள் விடணும். தாளுக்கு வெளிப்பக்கம் வேர்த்திருந்தா அறைக் காத்துல இருக்கிற ஈரம், ஜன்னலைத் திறந்து வச்சாலே குறையும். உள்பக்கம் வேர்த்திருந்தா தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது. எங்களுக்கு உள்பக்கம் முத்து முத்தா நின்னுது.

பாத்ரூம் பக்கம் ரெண்டு டைல்ஸை எடுத்துப் பார்த்தா, ஷவருக்குப் போற குழாயோட எல்போ சொட்டுச் சொட்டா கசியுது. மாத்தினது அந்த ஒரு சின்ன சாமான்தான். அப்புறம் படுக்கையறைப் பக்கம் பூச்சைச் செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுத்து, ரெண்டு மாசம் அப்படியே காய விட்டோம். புதுப் பூச்சு பூசினதுக்கு அப்புறமும் 28 நாள் பொறுத்துத்தான் ப்ரைமர். அஞ்சு வருஷம் ஆச்சு, ஒரு பொருக்குக்கூட உதிரலை.

* * *

சகோதரிகள் இருவரும் எழுதியதைப் படித்தேன். நான் ஏமாந்தது தரையில்.

பழைய தரையை உடைத்தால் கூலி, குப்பை அள்ளும் செலவு, பத்து நாள் தூசி. அதனால் தரைமேலேயே பசை போட்டு டைல்ஸ் ஒட்டினோம். அதில் தவறில்லை. நாணயத்தால் தட்டித் தட்டி, பொள்ளென்று சத்தம் வந்த இடங்களை மட்டும் பெயர்த்துச் சமன் செய்துவிட்டோம். டைல்ஸும் பசையுமாக அரை அங்குலம் ஏறும் என்று கதவுகளின் அடியையும் இழைத்து வைத்திருந்தோம்.

மாடிப்படியை யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம். ஹால் தரை ஏறியதும் முதல் படி மட்டும் ஆறரை ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் காலுக்குத் தெரிகிறது. படியில் கால் பழகிய உயரத்துக்குத்தான் போகும், குனிந்து பார்த்து யாரும் இறங்குவதில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்த என் தகப்பனார், தரை இன்னும் கீழே இருக்கிறதென்று காலை வீசி வைத்துத் தடுமாறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

படிகளுக்கும் அதே கனத்தில் டைல்ஸ் போட்டதும் முதல் படி சரியாயிற்று. ஆனால் குறை மேலே நகர்ந்து கடைசிப் படிக்குப் போய்விட்டது. மாடித் தரைக்கும் போட்டு முடித்த பிறகே எல்லாப் படியும் ஒரே உயரம். அதற்குப் பணம் சேர ஒரு வருடம் ஆனது. அதுவரை அந்தப் படியின் ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டி வைத்திருந்தேன். தரையில் கை வைப்பவர்கள் முதலில் படியை அளந்துவிடுங்கள். டைல்ஸிலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வையுங்கள், அதே நிறம் பிறகு கிடைப்பது கஷ்டம்.

* * *

அண்ணா, மாடி அறை வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. அந்த ஜன்னல்களில் இருப்பது அப்பா காலத்து எனாமல். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்து நனைத்துச் சுரண்டச் சொல்லியிருக்கிறேன். அது முடியும்வரை பிள்ளைகள் மாடிக்குப் போகக் கூடாது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை எங்கள் படிகளையும் அளந்தேன். கீழிருந்து எல்லாம் ஏழு அங்குலம், கடைசிப் படி மட்டும் ஏழேமுக்கால். மாடித் தரையை அப்பா எப்போதோ ஒருமுறை மேலே பூசி உயர்த்தியிருக்கிறார் போல. இந்த வீட்டில் கால் தட்டாதவர்கள் யாருமில்லை, எல்லோரும் தட்டியது அந்த ஒரு படியில்தான்.