ஊரடங்கு காலத்தில் தூண்டில் இழுத்தவர்கள் இருக்கீங்களா?

தெற்குவாடிக்காரன், பாம்பன்:

போன வாரம் பரணில் வேறு எதையோ தேடும்போது ஒரு துண்டு சைக்கிள் டியூப் கையில் சிக்கியது. ஒரு முழம் இருக்கும். இரண்டு நுனியிலும் தங்கூசி (நைலான் நரம்பு) முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. 2020 ஏப்ரல் மாதம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது. அப்போது நம்ம கடலில் ட்ரோலிங் போனவர்கள் இங்கே வந்து கதையைச் சொல்லுங்கள். ட்ரோலிங் என்றதும் மீம் போட்டு ஆளைக் கலாய்ப்பது என்று நினைக்காதீர்கள். விசைப்படகு மடி வலை இழுக்கிற ட்ராலிங்கும் இல்லை. படகை ஒரே சீராக ஓட்டிக்கொண்டு பின்னால் தூண்டிலை இழுத்துப் போவது, அவ்வளவுதான்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். அப்போது மதுரையில் செல்போன் கடையில் வேலை. மார்ச் 23 அன்றே கடையை மூடி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தபோது நான் பாம்பனில் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். 21 நாள் என்றதும் அம்மா முதலில் கேட்டது, "அரிசி இருக்கு, மீனுக்கு என்ன பண்றது?" கடலைப் பார்த்த வீட்டில் இந்தக் கேள்வி!

ஏப்ரல் 10-ஆம் தேதி மத்திய அரசு மீன்பிடிக்கு விலக்கு கொடுத்தது. விசைப்படகுகளுக்கு அதனால் பெரிய பலன் இல்லை, 15-ஆம் தேதி எப்படியும் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அந்த வருஷம் 61 நாளை 47 நாளாகக் குறைத்து மே 31-ஓடு முடித்தார்கள் என்பது தனிக்கதை. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. ஆனால் வலைக்கு நாலு பேராவது வேண்டும், நாலு பேர் ஒன்றாக நின்றால் கரையில் விசில் ஊதுகிறார்கள். தூண்டில் என்றால் இரண்டு ஆள் போதும். அப்படித்தான் சித்தப்பா பத்து வருஷமாகத் தொடாத தூண்டில் பெட்டியைத் திறந்தார், நான் இரண்டாவது ஆளானேன்.

கொக்கியில் வெள்ளைச் சேவல் இறகு ஏழெட்டு, நடுவில் பிஸ்கட் கவரின் மினுங்குகிற உள்பக்கத்தைக் கீற்றுக்கீற்றாக வெட்டிக் கட்டினார். கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி. சீலாவின் பல்லுக்குத் தங்கூசி எல்லாம் நூல்கண்டு மாதிரி. (சென்னைக்காரர்களுக்கு: எங்கள் சீலாதான் உங்கள் வஞ்சிரம். உங்கள் சீலா எங்களுக்கு ஊழி.) தங்கூசியை நாற்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) வரை விட்டு, படகுப் பக்கம் அந்த டியூப்பைக் கட்டி, டியூப்பின் மறுநுனியைப் பின்கட்டையில் மாட்டினார். "நீ கடலைப் பார்க்காதே, டியூப்பைப் பாரு" என்றார். எனக்கு அது ஒன்றுதான் வேலை.

குருசடைத் தீவை ஒட்டி வனத்துறை எல்லை. அதைத் தள்ளிவிட்டுத் தென்கடலில் (மன்னார் வளைகுடா) வெளியே போனோம். சித்திரைத் தண்ணீர், கச்சான் காற்று இன்னும் எழவில்லை, எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது கடல். டியூப் நடுங்கிக்கொண்டே இருந்தது. இறகு தண்ணீரில் துடிக்கிற துடிப்பு அது என்று புரிய அரைமணி நேரம் ஆனது. திடீரென்று நடுக்கம் நின்றது. டியூப் நீண்டு, நீண்டு, பென்சில் மொத்தத்துக்கு வந்தது. நான் கத்தினேன். கத்தியதோடு விட்டிருக்கலாம், பாய்ந்துபோய் எஞ்சினையும் நிறுத்திவிட்டேன். தங்கூசி தொய்ந்தது, மீன் கழன்றது. சித்தப்பா திட்டவில்லை. கொக்கியை இழுத்துப் பார்த்தார், இறகு பாதிதான் இருந்தது. "சேவலுக்கு எங்கே போறது இனி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானம் ஏழரைக் கிலோவில் ஒன்று ஏறியது. இந்த முறை எஞ்சின் பக்கமே போகவில்லை. வெறுங்கையால் தங்கூசியைப் பிடித்து இழுத்ததில் ஆள்காட்டி விரல் மடிப்பில் அறுத்த தழும்பு இன்றைக்கும் உண்டு. ஆனால் கரைக்கு வந்தால் ஏலம் கேட்க ஆள் இல்லை. தெருவில் கூறு போட்டுக் கொடுத்தோம். மே மாதத்துக்குள் எங்கள் தெருவுக்குச் சீலாவே சலித்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் சட்டியோடு வந்து, "ஏப்பா, சாளை கிடைக்காதா?" என்று கேட்டார்.

மூக்கையூர் வள்ளம்:

தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் திருவிழா மாதிரி இருக்கிறது, அதுதான் இடிக்கிறது. எங்கள் பக்கம் நிலைமை வேறு.

மீன் கிடைத்தது உண்மை. மடி இழுக்கிற படகுகள் இல்லாத கடலில் கிடைக்காமல் என்ன? ஐஸ்தான் இல்லை. பிடித்த மீனை வள்ளத்தில் நனைந்த சாக்கைப் போட்டு மூடி, பத்து மணிக்குள் கரை சேர்ந்தாக வேண்டும். சேர்ந்தால் ஒரே ஒரு வண்டி நிற்கும். வண்டிக்காரர் சொல்வதுதான் விலை. முந்தின மாதம் 600 ரூபாய்க்குப் போட்ட சீலாவை 220-க்குக் கேட்டார். தரமாட்டேன் என்றேன். "சரிண்ணே, வீட்ல வச்சுக்கங்க" என்று கதவைச் சாத்தினார். பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தேன். அந்த ஆள் பேரைச் சொல்லப் போவதில்லை, இன்னும் அவரிடம்தான் மீன் போடுகிறேன்.

தொழில் விஷயமாக இரண்டு சொல்கிறேன். வெள்ளை இறகு தெளிவுத் தண்ணீருக்குத்தான். கலங்கலில் முரல் மீனை முழுசாகக் கோர்த்து இழுங்கள், வால் பக்கம் இன்னொரு கொக்கி கட்டாயம். சீலா பின்னால் வந்து வாலைத்தான் வெட்டும். ஒரு கொக்கி மட்டும் இருந்தால் தலை உங்களுக்கு, மீதி அதற்கு. இன்னொன்று: ஆலாப் பறவைகள் கூட்டமாக விழுந்து எழுகிற இடத்தைப் பார்த்ததும் படகை அதற்குள் விடுகிறார்கள், பெரிய தப்பு. கீழே இருக்கிற மீன் கூட்டம் கலைந்து ஓடிவிடும். சுற்றி வளைந்து ஓரத்தில் தூண்டில் போகிற மாதிரி ஓட்ட வேண்டும்.

ஜூன் கடைசியில் ஒரு மயில்மீன் மாட்டியது. முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு மூன்று முறை தண்ணீருக்கு மேலே வந்தது. நானும் என் மகனும் முக்கால் மணி நேரம் மாறி மாறிப் பிடித்தோம். கடைசியில் கம்பி முறுக்கேறி அறுந்தது. மகன் அழுதுவிட்டான், அவனுக்கு அப்போது பதினாறு வயது. எனக்கு அழுகை வரவில்லை, டீசல் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பரில் புரெவி புயல் வந்து நம்ம கரையை ஒட்டியே நகராமல் நின்றதே, அந்த வாரம் தூண்டில் பெட்டியும் போய்விட்டது. அதற்குப் பிறகு நண்டு வலைதான்.

கீழக்கரை லாத்தா:

நான் கடலுக்குப் போனவள் இல்லை, வந்த மீனைச் சமாளித்தவள். அந்த அனுபவத்தையும் யாராவது எழுத வேண்டாமா?

என் வீட்டுக்காரர் சபுராளி, வெளிநாட்டில் சம்பாதிப்பவர். பிப்ரவரியில் ஒரு மாத லீவில் துபாயிலிருந்து வந்தவர், விமானம் நின்றுபோய் இங்கேயே மாட்டிக்கொண்டார். வரும்போது ஆசையாக ஒரு ராடும் ரீலும் வாங்கி வந்திருந்தார். முதல் மூன்று வாரம் மொட்டைமாடியில் நின்று துணிக்கொடியைத் தாண்டி வீசிப் பழகினார். அப்புறம் தெரிந்த காக்கா (அண்ணன்) ஒருவர் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். நான் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன், ஒரு கிழங்கான்கூட வராது என்று.

ஐந்து சூரை மீனோடு வந்தார். ஒவ்வொன்றும் கைப்பிள்ளை கனம். ஃபிரிட்ஜில் இடமில்லை, அக்கம்பக்கத்தில் கொடுத்தால் "ரத்தமாக இருக்கும், வேண்டாம்" என்கிறார்கள். மாமிதான் சொன்னார், "மாசிக் கருவாடு போட்டுருவோம்." கடையில் வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம், மாமி சின்னப்பிள்ளையில் பார்த்த நினைப்பில் செய்தார். தலை, குடல் நீக்கி நீளவாக்கில் நாலாகக் கீறி, நல்ல உப்புத் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, தென்னமட்டைப் புகையில் இரண்டு நாள். பிறகு வெயில், வெயில், வெயில். புகையைப் பார்த்து எதிர்வீட்டில் தீ என்று கூப்பாடு போட்டார்கள். பூனைக்காக ராத்திரி எல்லாம் முறை வைத்து விழித்திருந்தோம். பத்தாம் நாள் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டினார் மாமி. கட்டை மாதிரி டக்கென்று சத்தம் வந்தது. "ஆயிருச்சு" என்றார்.

ஆகஸ்டில் அவருக்கு விமானம் கிடைத்தபோது பெட்டியில் ராடு இல்லை, மாசி இருந்தது. ரூமில் ஆறு பேர் தேங்காயோடு இடித்துச் சம்பலாக்கி ரமலான் வரை ஓட்டினார்களாம். ராடு இன்னும் மாடியில்தான் இருக்கிறது. துணி காயப்போட உதவுகிறது.

தங்கச்சிமடம் டூ டொராண்டோ:

நான் ஒண்டாரியோ ஏரியில் போன ட்ரோலிங்கைச் சொல்லலாமா? தண்ணீர் வேறு, காலம் அதே கொரோனாதான்.

இங்கே 2020 மார்ச் கடைசியில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்றார்கள். வேலை வீட்டிலிருந்து, ஜன்னலுக்கு வெளியே பனி. ஆகஸ்டில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெரியவர் தன் சின்னப் படகில் கூப்பிட்டார். அவர் முன்பக்கம், நான் பின்பக்கம், நடுவில் ஐஸ் பெட்டி, இரண்டு பேர் மூக்கிலும் மாஸ்க்.

கடலில் பிறந்தவன் என்ற திமிரோடுதான் போனேன். முதல் அடி வேகத்தில். சீலாவுக்கு நாம் ஓட்டுகிற வேகத்தில் பாதிகூட இல்லை, மனிதன் நடக்கிற வேகம், மணிக்கு நாலு கிலோமீட்டர். "எஞ்சின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேவிட்டேன். அப்புறம் ஆழம். கோடையில் ஏரியின் மேல் தண்ணீர் சூடாகி, குளிர்ந்த தண்ணீர் கீழே தனி அடுக்காக நின்றுவிடும். சால்மனுக்கும் லேக் ட்ரவுட்டுக்கும் குளிர்ச்சிதான் வேண்டும், மேலே வராது. நம்ம மாதிரி தூண்டிலை மேலாக இழுத்தால் வெறும் கொக்கிதான் திரும்பும். அதனால் நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் இறக்கி, தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் அதோடு மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு அனுப்புகிறார்கள். டவுன்ரிக்கர் என்று பெயர். மீன் அடித்தால் கிளிப் விட்டுவிடும், வளைந்து நின்ற ராடு சட்டென்று நிமிரும். உங்கள் டியூப் நீளும், எங்கள் ராடு நிமிரும். தூண்டிலுக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பளபளப்புத் தகடு சுழன்றுகொண்டே போகும், ஃபிளாஷர். தூரத்தில் இருக்கிற மீனைக் கூப்பிடுவது அதுதான்.

ஒன்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த ஏரியின் சொந்தச் சால்மன் 1898-க்குள் அழிந்துவிட்டது. இப்போது நாம் பிடிக்கிற சினூக் சால்மன் பசிபிக் பக்கத்து இனம், 1960-களின் கடைசியிலிருந்து குஞ்சு விட்டு வளர்த்தது. பிறந்த ஆற்றுக்குத் திரும்பி முட்டையிட்டதும் செத்துவிடும்.

எனக்கு மாட்டியது பத்துக் கிலோ சினூக். இழுத்து முடிப்பதற்குள் மாஸ்க் எங்கே போனது என்று தெரியவில்லை. வீட்டுக்காரி புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். அத்தனை கொழுப்பு, குழம்பின் மேல் விரல்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. இரண்டாம் நாள் வைப்பதற்கு முன் படிக்கச் சொன்னார் பெரியவர்: எந்த ஏரியில் எந்த நீளமுள்ள மீனை மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசே அட்டவணை போட்டிருக்கிறது. பாதரசம், ரசாயனக் கழிவு எல்லாம் பெரிய மீனில் சேரும். நம்ம ஊரில் மீனுக்குக் கணக்கு பார்த்துச் சாப்பிட்டதே இல்லையே!

இன்னொன்று. படகிலிருந்த ஜிபிஎஸ் திரையில் ஏரி நடுவே ஒரு கோடு. அந்தப் பக்கம் அமெரிக்கா, மார்ச் 21-லிருந்து எல்லை மூடியிருந்தது. நாங்கள் கரையோரமாகத்தான் சுற்றினோம், அதன் அருகில்கூடப் போகவில்லை. ஆனாலும் என் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. தண்ணீரில் கோடு என்றால் தங்கச்சிமடத்துப் பையனுக்கு வயிற்றைக் கலக்கும். "ஏன் இப்படிப் பார்க்கிறாய்?" என்றார் பெரியவர். 1974, 1976 ஒப்பந்தம், கச்சத்தீவு எல்லாம் அவருக்கு எங்கே இருந்து தொடங்குவது? சும்மா இருந்துவிட்டேன்.

தேவிபட்டினம் மாப்ள:

ட்ரவுட் பார்க்கக் கனடா போக வேண்டாம் மச்சான், நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு சந்தேகம்: ராமநாதபுரத்தில் ஒரு ஹோட்டலில் "சால்மன் ஃபிரை" என்று போட்டிருந்தார்களே, அதுவும் இதுதானா? வடகடல் (பாக் விரிகுடா) எங்களுக்கு ஆழமே கிடையாது, சீலாவை விட நண்டையும் கணவாயையும்தான் பார்க்கிறோம். நான் ட்ரோலிங் போனது ஒரே முறை, இழுத்தது கடல்பாசி.

தங்கச்சிமடம் டூ டொராண்டோ:

அது காலா மாப்ள. காலாவை ஆங்கிலத்தில் இந்தியன் சால்மன் என்று சொல்லிவிட்டார்கள், இரண்டுக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. ருசியில் காலாதான் ஜெயிக்கும், என் ஓட்டு அதற்கே.

தெற்குவாடிக்காரன், பாம்பன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூக்கையூர் அண்ணன் சொன்ன வால் கொக்கிக்குத் தலையாட்டினார். மாசிக்கு, "அந்தப் பிள்ளை விலைக்குத் தருமா கேளு" என்றார். ஃபிளாஷர் என்றதும்தான் எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாளே வீட்டிலிருந்த ஒரு பழைய எவர்சில்வர் தட்டு காணாமல் போனது. சித்தி தேடிக்கொண்டிருந்தார், நான் வாயைத் திறக்கவில்லை. நீளவாக்கில் வெட்டி, நுனியை லேசாக முறுக்கி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு ஸ்விவல் (சுழல் வளையம்) மாட்டிவிட்டார். நேற்று இழுத்துப் பார்த்தோம். டொராண்டோ வேகத்தில் போனால் தகடு தொங்குகிறது, நம்ம வேகத்தில் போனால் பம்பரமாகச் சுற்றுகிறது. ஒன்பது மணி போல டியூப் நீண்டது. இழுத்தால் மீன் இல்லை, இறகு ஒன்றுகூடக் கசங்கவில்லை. தகட்டில்தான் வரிசையாக எட்டுப் பல் தடம். சித்தப்பா அதைக் கழற்றிச் சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டினார். சித்தி பல் தடத்தைப் பார்க்கவில்லை. தட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் வெட்டியிருந்த தன் பெயரில் பாதியைப் படித்துக்கொண்டிருந்தார்.