சேவை நிறுவனத்தில் புத்தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

லேப்_தரம்:

வணக்கம். மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் நிறுவனம் ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குழுமத்தில் மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலையும் உண்டு. இந்த ஆண்டு முதல் எல்லாப் பிரிவும் புத்தாக்க அறிக்கை தர வேண்டுமாம். தொழிற்சாலை நிரப்பும் படிவத்தையே எங்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆய்வுக்குச் செலவிட்ட தொகை, பெற்ற காப்புரிமை, சந்தைக்கு வந்த புதுப் பொருள், அவற்றால் வந்த வருமானம் மொத்தத்தில் எத்தனை சதவீதம். நான்கிலும் பூஜ்யம்தான் போட முடியும்.

ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரிப்போர்ட்டில் அதே நோயாளியின் பழைய முடிவுகளும் பக்கத்திலேயே வரும்படி மாற்றினோம். உயிருக்கு ஆபத்தான அளவு தெரிந்தால், ரிப்போர்ட் போய்ச் சேரட்டும் என்று காத்திராமல் டாக்டரைப் போனில் அழைக்கிறோம். அவர் அந்த அளவின் எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகே போனை வைக்கிறோம். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பதையும் தொடங்கினோம். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? சேவைத்துறையில் இருப்பவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

கோப்பும்_குறியும்:

நாங்கள் ஊழியர்கள் தந்த யோசனைகளின் எண்ணிக்கையையும் மென்பொருள் செலவையும் காட்டுகிறோம். காப்புரிமை இல்லாவிட்டால் வணிகக்குறிகளைக் (டிரேட்மார்க்) காட்டலாம். வணிகக்குறிப் பதிவுக்கான சர்வதேசப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் 35 முதல் 45 வரையுள்ள வகுப்புகள் சேவைகளுக்கென்றே இருக்கின்றன. புதுப் பெயரில் சேவை தொடங்கிப் பதிவு செய்திருந்தால் அது ஒரு சான்று.

படிவக்காரர்:

நிறுவனங்களிடம் புத்தாக்கக் கணக்கெடுப்பு நடத்துவதுதான் என் வேலை. நீங்கள் சொல்லும் பூஜ்யத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். போனில் பேசும்போது "எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். "சரி, போன வருடம் செய்யாமல் இந்த வருடம் செய்கிற வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார்கள், நிறுத்த மாட்டார்கள். அதனால் படிவத்தில் பூஜ்யம் வந்தால் முதலில் கேள்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான ஓஈசிடி (OECD) அமைப்பின் ஆஸ்லோ கையேடுதான் உலகெங்கும் புத்தாக்கக் கணக்கெடுப்புக்கு அடிப்படை. அதன் முதல் பதிப்பு 1992-ல் வந்தது. உற்பத்தித் தொழில்களின் தொழில்நுட்ப மாற்றங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. 1997-ல் சேவைத்துறையைச் சேர்த்தார்கள். 2005-ல், தரும் பொருள் அல்லது சேவை, அதைச் செய்யும் முறை என்ற பழைய இரண்டு வகைகளோடு நிறுவன அமைப்பில் வரும் மாற்றத்தையும் சந்தைப்படுத்தலில் வரும் மாற்றத்தையும் தனி வகைகளாகச் சேர்த்தார்கள். 2018-ல் நான்கு வகைகளை இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள்: வாடிக்கையாளருக்குத் தருவது புதிதா, அதைத் தருவதற்காக உள்ளே செய்யும் வேலைமுறை புதிதா. உங்கள் குழுமத்தின் படிவம் 1992-லேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

கோப்பும்_குறியும் சொன்னதில் வணிகக்குறி பயனுள்ள குறிப்புதான். ஆனால் யோசனைகளை எண்ணுவதை நான் ஏற்க மாட்டேன். 2018 பதிப்பின்படி புதுச் சேவை என்றால் பயனாளருக்குக் கிடைக்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். வேலைமுறை என்றால் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியில் விழுந்த சீட்டு இரண்டிலும் சேராது. மென்பொருள் செலவும் உள்ளே போட்டதைத்தான் காட்டும், வெளியே என்ன மாறியது என்று காட்டாது.

இப்போது உங்கள் மூன்று மாற்றங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது பழைய முடிவுகளைப் பக்கத்தில் காட்டுவது. அது நன்றாக வேலை செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போன வாரம் எடுத்த அதே பரிசோதனையை மறுபடி எழுதிக் கொடுக்கப் போகும் டாக்டர், பழைய எண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விடுவார். உங்கள் பரிசோதனை எண்ணிக்கை குறையும், வருமானமும் குறையும். "புதுமையால் வந்த வருமானப் பங்கு" என்ற கட்டம் இதைத் தோல்வியாகவே காட்டும். நோயாளிக்கோ ஓர் ஊசிக்குத்தும் ஒரு கட்டணமும் மிச்சம். தொழிற்சாலைக் கணக்கில் நல்ல புதுமை விற்பனையைக் கூட்டும் என்று நம்பலாம். சேவையில் நல்ல புதுமை சில சமயம் சேவையின் தேவையையே குறைத்துவிடுகிறது. இதை அளக்க வேண்டுமானால், குறுகிய இடைவெளியில் திரும்ப எடுக்கப்பட்ட பரிசோதனைகள் முன்பு எத்தனை சதவீதம், இப்போது எத்தனை என்று பாருங்கள்.

அடுத்தது போன் அழைப்பு. லேப்களில் சாம்பிள் வந்தது முதல் ரிப்போர்ட் வெளியானது வரை எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள் இல்லையா? அந்தக் கடிகாரம் உங்கள் வாசலோடு நின்றுவிடுகிறது. ரிப்போர்ட் வெளியாகி, டாக்டர் அதைப் பார்க்காமல் மூன்று மணி நேரம் கிடந்தாலும் உங்கள் எண் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் செய்த மாற்றத்தின் பலன் முழுவதும் அந்த வாசலுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே முடிவு தெரிந்த நிமிடத்திலிருந்து டாக்டர் எண்ணைத் திருப்பிச் சொன்ன நிமிடம் வரை எடுங்கள். அழைப்பு எடுக்கப்படாமல் போனவற்றையும் பதியுங்கள், அவற்றை விட்டுவிட்டால் சராசரிக்குப் பொருளே இல்லை.

லேப்_தரம்:

மிக்க நன்றி ஐயா. இரண்டு சந்தேகங்கள். ஆபத்தான அளவுகளைப் போனில் சொல்வது பல லேப்களில் 1970-களிலிருந்தே இருக்கும் வழக்கம். நாங்கள் தாமதமாகத் தொடங்கியதைப் புத்தாக்கம் என்று எழுதினால் பெரியவர்கள் சிரிக்க மாட்டார்களா? இன்னொன்று, வீட்டில் ரத்தம் எடுப்பதில் வழியில் ரத்த அணுக்கள் உடைந்து சாம்பிள் கெடுவது அதிகமாகியிருக்கிறது. தோற்றுப்போனதையும் எழுத வேண்டுமா?

படிவக்காரர்:

இரண்டையும் எழுதுங்கள். உலகுக்குப் புதிதா, உங்கள் சந்தைக்குப் புதிதா, உங்கள் நிறுவனத்துக்கு மட்டும் புதிதா என்று கணக்கெடுப்பில் பிரித்தே கேட்போம். மூன்றாவதும் கணக்கில் சேரும். முன்பு நீங்கள் செய்ததிலிருந்து கணிசமாக வேறுபட வேண்டும், அவ்வளவுதான். "எங்களுக்குப் புதிது" என்று வெளிப்படையாகக் குறித்தால் யாரும் சிரிக்க வழியில்லை.

வெற்றி பெற்றால்தான் புத்தாக்கம் என்று கையேடு சொல்லவில்லை. நடைமுறைக்கு வந்ததா என்பது ஒரு கேள்வி, பலித்ததா என்பது வேறு கேள்வி. கெட்டுப்போன சாம்பிள் விகிதத்தை அதே வரியில் எழுதுங்கள். வீட்டுச் சேவை என்பது நீங்கள் மட்டும் செய்வது இல்லை: நோயாளி வெறும் வயிற்றில் இருந்தாரா, சொன்ன நேரத்தில் வீட்டில் இருந்தாரா என்பதெல்லாம் அதன் தரத்தில் சேர்ந்துவிடும். சேவையை வாங்குபவரே அதைச் செய்வதில் பாதிப் பங்காளி என்பதால், உங்கள் பக்கத்து எண்களை மட்டும் வைத்து அதைப் பலித்தது, பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

கணினி வந்த சேவைத்துறைகளைப் பற்றி ரிச்சர்ட் பராஸ் என்ற ஆய்வாளர் 1986-ல் எழுதியதும் உங்களுக்கு உதவும். தொழிற்சாலையில் முதலில் புதுப் பொருள் வரும், பிறகுதான் அதை மலிவாகச் செய்யும் முறை வரும். சேவையில் பெரும்பாலும் தலைகீழ் என்றார். முதலில் பழைய வேலை வேகமாகும், அப்புறம் தரம் கூடும், கடைசியில்தான் முன்பு இல்லாத சேவை பிறக்கும். உங்கள் லேபில் கணினி முதலில் பில் போடத்தானே வந்திருக்கும்? இன்று பழைய முடிவுகளை வரிசையாகக் காட்டுகிறது. பில் போட்ட காலத்தில் யாராவது அளந்திருந்தால் புதுச் சேவை பூஜ்யம் என்றே எழுதியிருப்பார்கள். எல்லாத் துறைக்கும் இது பொருந்தாது, லேபுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தியேட்டர்_நர்ஸ்:

ஒன்றைச் சேர்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட்டை வெளியிட்டது. அறுவைசிகிச்சைக் குழு வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டிய 19 அம்சங்கள், ஒரு தாள். காப்புரிமை இல்லை, கருவி இல்லை. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009-ல் வெளியானது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், செக்லிஸ்ட் வந்த பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை.

தாள் ஒன்றேதான். ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்ப்பவள் என்ற முறையில் என் எண்ணம்: எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பேசி முடிப்பது ஒன்று, ஒருவர் ஓரமாக நின்று டிக் போடுவது வேறொன்று. "செக்லிஸ்ட் உண்டா?" என்று கேட்டால் இரண்டு இடத்திலும் "உண்டு" என்றுதான் பதில் வரும். அதனால் உங்கள் அறிக்கையில் "அமல்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். இரவுப் பணியில், ஆள் குறைவாக இருக்கும்போது டாக்டர் உண்மையிலேயே எண்ணைத் திருப்பிச் சொல்கிறாரா என்று சில அழைப்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

லேப்_தரம்:

இரவு அழைப்புகள் பதிவாகின்றன சகோதரி, எடுத்துக் கேட்கிறேன். ஐயா, ஒரே சிக்கல்: பழைய முடிவுகளைக் காட்டத் தொடங்கும் முன்பு திரும்ப எடுத்த பரிசோதனைகள் எத்தனை என்று நாங்கள் அப்போது எண்ணி வைக்கவில்லை.

படிவக்காரர்:

எண்ணியிருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் மென்பொருளில் நோயாளி எண், பரிசோதனை, தேதி மூன்றும் இருந்தால் பின்னோக்கி எடுத்துவிடலாம். மாற்றத்துக்கு முந்தைய ஓர் ஆண்டையும் பிந்தைய ஓர் ஆண்டையும் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள், காய்ச்சல் காலம் ஒரு பக்கம் மட்டும் விழுந்துவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் அடிக்கடி எடுத்தே ஆக வேண்டிய பரிசோதனைகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அந்தப் பட்டியலை நீங்களாகப் போடாமல் உங்கள் நோயியல் மருத்துவரைப் போடச் சொல்லுங்கள்.