நுண்நெகிழியா, நுண்ணெகிழியா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி முடித்திருக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. உடலுக்குள் சேரும் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள் பற்றியது. நான் 'நுண்நெகிழி' என்று எழுத, மெய்ப்புப் பார்த்தவர் 'நுண்ணெகிழி' என்று திருத்திவிட்டார். எதை வைக்க?

புலவர்:
திருத்தியவர் வாழ்க! தண்+நீர் தண்ணீர், வெண்+நெய் வெண்ணெய். இதில் என்ன ஐயம்? என் பிணக்கு 'நெகிழி'யோடுதான். சூட்டில் நெகிழாமல் கருகும் பிளாஸ்டிக்கும் உண்டே, அதற்கு என்ன பெயர்? சங்கப் பாட்டில் 'ஞெகிழி' என்றால் கொள்ளிக்கட்டை. காற்சிலம்புக்கும் அதே பெயர். 'குழைமம்' என்று அன்றே சொன்னேன்.

ஆசிரியை:
ஐயா, குழைவதும் நெகிழ்வதும் ஒன்றுதானே? என் கவலை வேறு. 'நுண்ணுயிரி'யை நுண்+உயிரி என்று பிரிக்கக் கற்றுக்கொடுத்த கையோடு 'நுண்ணெகிழி'யைப் பலகையில் எழுதினேன். பாதி வகுப்பு 'நுண்+எகிழி' என்று பிரித்தது. "எகிழின்னா என்ன மிஸ்?" என்றாள் ஒருத்தி. 'நெகிழித்துகள்' போதாதா?

புலவர்:
துணியிலிருந்து உதிரும் இழையும் இதில் சேர்த்தி. இழையைத் துகள் என்பீர்களா அம்மா?

புதிய உறுப்பினர்:
ரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் கண்டிருக்கிறார்கள். 'நச்சுத்துகள்' என்றே வைத்துவிடலாமே!

மருத்துவர்:
வேண்டவே வேண்டாம். பெயரிலேயே தீர்ப்பெழுதக் கூடாது. 2024-இல் வந்த இத்தாலிய ஆய்வில், கழுத்துத் தமனியிலிருந்து அகற்றிய கொழுப்புப் படிவுகளைச் சோதித்தார்கள். 257 பேரில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் இருந்தது. படிவில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ நாலரை மடங்கு. ஆனாலும் பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. சோதனைக்கூடத்துப் பிளாஸ்டிக்கே மாதிரியில் கலந்துவிடும் தொல்லை வேறு. கையேட்டில் 'விளைவிக்கிறது' என்று எங்காவது இருந்தால் 'தொடர்பு காணப்படுகிறது' என்று மாற்றுங்கள். சந்தியைப் பிறகு பார்க்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
இரண்டு இடத்தில் இருந்தது டாக்டர், மாற்றிவிட்டேன். மற்றபடி, முதல் இடத்தில் மட்டும் 'மைக்ரோபிளாஸ்டிக் எனப்படும் நுண்நெகிழி'; அப்புறமெல்லாம் 'நுண்நெகிழி'. புலவர் ஐயா பொறுத்தருள்க. நானோ அளவுக்கு 'மீநுண்நெகிழி' போட்டிருக்கிறேன்.

புலவர்:
பொறுக்கமாட்டேன். தண்ணீரை 'தண்நீர்' என்றா குடிக்கிறீர்கள்? கொள்ளிக்கட்டை பற்றித் தனிப் பதிவில் விரிவாக எழுதுகிறேன்.