அம்பாசிடர் மார்க் 3: மலை ஏறினால் கொதிக்கிறது, இழுவையும் இல்லை

கோவை அம்பி:
எல்லோருக்கும் வணக்கம். 1978 மாடல் அம்பாசிடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல், அப்பா ஓட்டிய வண்டி. ஊருக்குள் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கும், டிராஃபிக்கில் மாட்டினாலும் பெரிதாக ஏறாது. போன ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் கிளம்பினோம். கல்லாறு தாண்டி ரெண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு போனதுமே முள் ஏற ஆரம்பித்தது, பர்லியார் வருவதற்குள் ரேடியேட்டர் மூடியில் ஆவி அடிக்கிறது. இரண்டாவது கியரிலும் திணறுகிறது, பின்னால் வந்த டவுன் பஸ்காரர் ஹாரன் அடித்தே எங்களை ஓரம் கட்டிவிட்டார்.

இதுவரை செய்தது: ரேடியேட்டருக்குப் புது கோர், புது வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்), புது ஃபேன் பெல்ட். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டையும் மெக்கானிக் கழற்றி வீசிவிட்டார். பதினாலாயிரம் போயாச்சு. இப்போது சிலிண்டர்களுக்கு மேலே இருக்கும் ஹெட்டை இறக்கணும் என்கிறார். இறக்கட்டுமா?

பழைய ஸ்பானர்:
தம்பி, ஹெட்டில் கை வைக்காதே, கொஞ்சம் பொறு. நீயே பாதி விடை சொல்லிவிட்டாய். நின்ற இடத்தில் சூடானால் காற்று போதவில்லை, அதாவது ஃபேன், பெல்ட். நின்றால் சும்மா இருந்து, பாரம் இழுக்கும்போது மட்டும் கொதித்தால் தண்ணீர் ஓட்டம் அல்லது எரியும் விதம், இந்த இரண்டில் ஒன்று. நீ தண்ணீர் பக்கம் மட்டுமே செலவு பண்ணியிருக்கிறாய். இழுவை இல்லை என்பதை ஏன் யாரும் காதில் வாங்கவில்லை? மைலேஜ் எவ்வளவு கொடுக்கிறது? அப்புறம் தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடு. அது இல்லாவிட்டால் காலையில் இன்ஜின் சூடாகவே நேரம் ஆகும், தேய்மானம்தான் மிச்சம்.

லேத் பட்டறை:
ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கிறதா என்று ஹெட்டை இறக்காமலே பார்க்கலாம். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டர் கொடுங்கள், தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட். டிப் ஸ்டிக்கில் ஆயில் டீ கலரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை மறக்க வேண்டாம். வாட்டர் பாடி தண்ணீரை இழுக்கும் பக்கம் அது, ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் சப்பிக்கொள்ளும், நின்று பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைப் பாருங்கள். இன்னொன்று, பிளாக்கில் பின்பக்கம் இருக்கும் டிரெய்ன் டேப்பை (தண்ணீரை வடிக்கும் குழாய்) திறந்தால் தண்ணீர் வருகிறதா? பல வண்டியில் சொட்டுக்கூட வராது, நாலாவது சிலிண்டரைச் சுற்றி அவ்வளவு துருச் சேறு. கம்பி விட்டுக் கிளறணும்.

ரேடியேட்டர் மூடியும் முக்கியம். குன்னூர் உயரத்தில், கிட்டத்தட்ட 1850 மீட்டரில், சாதாரணத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டு பிரஷருக்கும் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி தாங்கும். ரப்பர் வாஷர் போன மூடி இருந்தாலும் ஒன்று இல்லாவிட்டாலும் ஒன்று.

சோக் இழுத்தவன்:
எல்லாம் இந்த இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) செய்கிற வேலை சார். நம்ம கார்புரேட்டருக்கு அது ஆகாது.

பழைய ஸ்பானர்:
அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேணும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் சைஸ் மாறாததால் கலவை மெலிந்துவிடும் (காற்று அதிகம், எரிபொருள் குறைவு), மெலிந்தால் சூடு. ஆனால் அதற்காக மலை ஏறவே முடியாத அளவு திணறாது. பழியை எல்லாம் பெட்ரோல் மேல் போட்டுவிட்டு உட்கார வேண்டாம்.

கோவை அம்பி:
குமிழி இல்லை, ஆயில் சுத்தம், கீழ் ஹோஸும் சப்பவில்லை. டிரெய்ன் டேப்பில் முதலில் ஒன்றும் வரவில்லை, கம்பி விட்டதும் காபி டிகாக்‌ஷன் மாதிரி ஒரு லிட்டர் கொட்டியது. தண்ணீர் தெளியும்வரை ஃபிளஷ் பண்ணி, கூலன்ட் ஊற்றி, மூடியும் மாற்றியாச்சு. தெர்மோஸ்டாட் திரும்ப உள்ளே. மருதமலை வரை ஓட்டினேன், கொதிக்கவில்லை, ஆனால் முள் ஏறத்தான் செய்கிறது, இழுவை அதே லட்சணம். மைலேஜ் முன்பு 10, இப்போது 7 தாண்டவில்லை.

பழைய ஸ்பானர்:
ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைப்படி கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்று. உள்ளே சுற்றும் ரோட்டரை அது சுற்றும் திசையிலேயே விரலால் லேசாகத் திருப்பி விட்டுப் பார். ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வரணும். அடுத்து கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் டியூபை வாயில் வைத்து உறிஞ்சு (சிரிக்காதே, நாங்கள் இப்படித்தான் பார்ப்போம்), பாயிண்ட் பிளேட் நகரணும். பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் காண்டாக்ட்) கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வேகம் கூடக் கூடத் தீப்பொறி முன்னாலேயே விழவேண்டும். அது பிந்தினால் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்ளும். சக்கரத்துக்குப் போகவேண்டிய சூடு ஹெட்டுக்கும் சைலன்சருக்கும் போகிறது. எந்த ரேடியேட்டர் வைத்தாலும் தாங்காது.

கோவை அம்பி:
அண்ணே, ரோட்டர் திருப்பிய இடத்திலேயே நின்றுவிட்டது! பிளேட்டைக் கழற்றினால் கீழே தீப்பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் வெயிட் ரெண்டும் காய்ந்த கிரீஸில் ஒட்டிக் கிடக்கிறது, ஒரு ஸ்பிரிங் அறுந்து ஓரமாக விழுந்திருக்கிறது. வேக்குவம் டயாஃபிரம் ஓட்டை, உறிஞ்சினால் காற்றுதான் வருகிறது. உக்கடத்தில் பழைய பாகம் விற்கிற கடையில் ஸ்பிரிங் கிடைத்தது, டயாஃபிரம் இன்னும் தேடுகிறேன். மண்ணெண்ணெயில் கழுவி, சொட்டு ஆயில் விட்டு மாட்டி, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது புல்லியில் உள்ள குறி இப்போதுதான் நகர்கிறது.

இன்று காலை குன்னூர் வந்தாச்சு. முள் முக்கால் தாண்டவில்லை. சிம்ஸ் பார்க் வாசலில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் பிடித்துக்கொண்டது. இது வேற கதையா?

லேத் பட்டறை:
வேற கதைதான், சூட்டில் பெட்ரோல் பம்பிலோ லைனிலோ ஆவியாகி அடைத்திருக்கும். பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது, ஒரு போட்டோ போடுங்கள்.