மறு: லித்தியத்துக்குத் தமிழ்ப் பெயர்: மென்னியமா, கல்லியமா?

வணக்கம் நண்பர்களே,

லித்தியம் என்ற உலோகத்துக்குத் தமிழ்ப் பெயராக இந்த இழையில் இதுவரை வந்த 'மென்னியம்', 'கல்லியம்' என்ற இரண்டு பரிந்துரைகளிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

'மென்னியம்' கேட்க இனிமைதான். லித்தியத்தைக் கத்தியால் நறுக்கலாம், சரி. ஆனால் சோடியமும் பொட்டாசியமும் அதைவிட மென்மையானவை. இவை மூன்றும் அடங்கிய கார உலோகக் குடும்பத்திலேயே கடினமானது லித்தியம்தான்! அதன் தனிக்குணம் இலேசு. அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.534 கிராம், தண்ணீரில் ஏறத்தாழப் பாதி. சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கடித்து வைப்பார்கள். இது மண்ணெண்ணெயிலும் மிதக்கும் என்பதால் வாசலீன் பூசி வைக்க வேண்டியிருக்கிறது. இலேசைக் குறிக்க 'நொய்ம்மை' என்ற பழஞ்சொல் உண்டு. இன்றைய காதில் அது நோஞ்சான் என்றுதான் விழும்.

'கல்லியம்' பெயர்க்காரணத்தோடு பொருந்துகிறது. 1817இல் சுவீடன் வேதியியலாளர் ஆர்ஃப்வெட்சன் இதைப் பெட்டலைட் என்ற கனிமத்தில் கண்டார். பொட்டாசியம்போலச் செடிச் சாம்பலில் இல்லாமல் கல்லில் கிடைத்ததால், கல்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். ஆனால் காலியம் என்று வேறொரு தனிமம் இருக்கிறதே! ஓரிரு எழுத்து இடறினால் உலோகமே மாறிவிடும். தவிர, இன்று சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உப்புநீரை வெயிலில் வற்றவைத்தும் எடுக்கிறார்கள். கல் பாதிக் கதைதான்.

அதனால் தனிமம் லித்தியமாகவே இருக்கட்டும். கைப்பேசி பேட்டரியால் அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. சொல் இல்லாமல் நாம் தடுமாறுவது வேறிடத்தில். பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) ஒரு முனையில் உள்ள கிராஃபைட் என்ற கரியின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. பயன்படுத்தும்போது கிளம்பி எதிர்முனைக்குத் திரும்புகின்றன. அடுக்கு குலைவதில்லை. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்ய முடிவது இதனால்தான். லித்தியம் அயனி பேட்டரிக்காகத் தரப்பட்ட 2019 வேதியியல் நோபலின் அடிப்படையும் இந்தப் போக்குவரத்துதான். இதற்கு என்ன பெயர்?

'இடைச்செருகல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நமக்கு அது ஏட்டில் பின்னால் யாரோ நுழைத்த பாட்டு. களைய வேண்டியது என்ற தொனி கூடவே வரும். நான் 'இடைப்புகல்' என்கிறேன். 'லித்தியம் கிராஃபைட்டில் இடைப்புகும்' என்று வினையாகவும் வளைகிறது. புகல் என்றால் அடைக்கலமும் ஆகும். அயனிக்கு அதுவும் பொருந்தும்.

வெளியே வருவதற்குத்தான் சிக்கல். 'இடைநீங்கல்' என்று வைத்துப் பார்த்தேன், பள்ளியிலிருந்து இடைநின்ற பிள்ளை நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.