ஒவ்வொரு கிடங்கிலும் ஒரு கிளஸ்டர் தேவையா?

கிடங்கு_நிரலர்:
வணக்கம். எங்கள் ஆப் முழுவதும் ஒரே கிளவுட் ரீஜியனில் ஓடுகிறது. பயன்படுத்துபவர்கள் சில நூறு கிடங்குகளில் இருக்கிறார்கள். பார்கோடு ஸ்கேன், சரக்கு வரவு, லாரி ஏற்றம் எல்லாம் அதில்தான். இணைய லிங்க் போனால் ஸ்கேனர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வாசலில் லாரி நிற்கும். மேலிடத்தின் யோசனை இது: கிடங்குக்கு மூன்று சிறிய கணினிப் பெட்டிகள், அவற்றை ஒரே கிளஸ்டராக (கூட்டாக) இயக்க கே3எஸ் (பல கணினிகளில் ஆப்களை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் குபெர்னெட்டீஸ் மென்பொருளின் சிறிய வடிவம்), அதன்மேல் இதே ஆப். எந்தக் கிடங்கிலும் ஐடி ஆள் கிடையாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணியன்:
வேண்டாம் என்பேன். எட்ஜ் (வேலை நடக்கும் இடத்திலேயே கணினி வைப்பது) என்றாலே முதலில் வேகத்தைச் சொல்வார்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்ப 10 மில்லிநொடி. ரவுட்டர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து மூன்று மடங்கு என்றே வையுங்கள், ஸ்கேனர் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பராமரிப்புதான் பெரிய கவலை. குபெர்னெட்டீஸ் வருடத்துக்கு மூன்று பதிப்பு விடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். சில நூறு கிளஸ்டர்களை வருடம் தவறாமல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெட்டிகள் ஒன்றையொன்று நம்ப கே3எஸ் உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும் சான்றிதழ்களின் ஆயுள் 365 நாள். காலாவதி நெருங்கும்போது ரீஸ்டார்ட் செய்தால்தான் புதுப்பித்துக்கொள்ளும். நன்றாக ஓடுகிறதே என்று யாரும் தொடாமல் விட்ட பெட்டிதான் அதில் முதலில் மாட்டும். இதற்குப் பதில் வேறொரு நிறுவனத்திடம், வேறு பாதையில் வரும் இரண்டாவது லிங்க் போடுங்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
கணியன், வேகத்தைப் பத்தி அவர் கேட்கவே இல்லையே. லிங்க் போனா வேலை நிக்குதுன்னுதான் கேட்டிருக்கார். ரெண்டு லிங்க் போட்டாலும் ரெண்டும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதான். 2021 டிசம்பர் 7 அன்னைக்கு அமேசானோட வடக்கு வர்ஜீனியா ரீஜியன் மணிக்கணக்கா தடுமாறுச்சு. ஊர்ல லிங்க் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அமேசானோட சொந்தக் கிடங்குகள்லயும் டெலிவரி ஓட்டுநர்கள் கையிலயும் ஆப் நின்னுச்சு. இரண்டாவது லிங்க் அங்க என்ன செஞ்சிருக்கும்?

செய்ய முடியாத வேலையும் இல்ல. அமெரிக்காவுல சிக்-ஃபில்-ஏ உணவகங்கள், கடைக்குக் கடை இன்டெல் நக்ங்கற சின்னக் கணினிப் பெட்டிகள்ல குபெர்னெட்டீஸ் ஓட்டுறதை 2018லயே விவரமா எழுதியிருக்காங்க. அங்கயும் கடையில ஐடி ஆள் கிடையாது. லாரி வாசல்ல நிக்கும்போது தேவைப்படுற எதுவும் அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கக் கூடாது. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணியன்:
மையம் விழுந்ததைச் சொன்னீர்கள். பரவலாக இருப்பதும் ஒரே நேரத்தில் விழும். 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி, உலகம் முழுக்கப் பரவிய எட்ஜ் வலையமைப்பு. ஒரு வாடிக்கையாளர் முறைப்படி செய்த ஓர் அமைப்பு மாற்றம், உள்ளே பதுங்கியிருந்த ஒரு பிழையைத் தூண்டியது. வலையமைப்பில் 85 சதவீதம் பிழைச் செய்தியைத் திருப்பியது. அவர்கள் 49 நிமிடத்தில் 95 சதவீதத்தை மீட்டார்கள், ஏனென்றால் எல்லாப் பெட்டிகளும் அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. 2024 ஜூலை 19, பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்: தவறான கோப்பை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றும், அதற்குள் விழுந்த சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளில் பலவற்றை ஆள் போய்த் தொட வேண்டியிருந்தது. உங்கள் சில நூறு கிடங்குகளுக்கு ஒரு கெட்ட அப்டேட் போனால் யார் போய்த் தொடுவார்கள்?

வலைப்பின்னல்:
இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே? கன்ட்ரோல் பிளேன் (எது எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) மட்டும் கிளவுடில், நோடுகள் (ஆப் ஓடும் பெட்டிகள்) கிடங்கில். ஒரே கிளஸ்டர், ஒரே இடத்தில் பராமரிப்பு.

இரும்புப்பெட்டி:
வலைப்பின்னல் தம்பி, படத்துல பார்க்க நல்லா இருக்கும், அதனால எல்லாரும் முதல்ல இதுலதான் போய் விழறாங்க. லிங்க் போனா சுமார் 40 நொடியில, புதுப் பதிப்புல 50, அந்த நோடு 'தயாரில்லை'ன்னு மையம் குறிச்சுக்கும். அதுக்கப்புறம் 5 நிமிஷத்துல அதுல இருக்கற பாட் (ஆப்பை ஓட்டுற கன்டெய்னர்களோட தொகுப்பு) எல்லாத்தையும் வெளியேற்றச் சொல்லிடும். லிங்க் இல்லாததால அந்த உத்தரவு கிடங்குக்கு வந்து சேராது, கன்டெய்னர் வழக்கம்போல ஓடிக்கிட்டு இருக்கும். லிங்க் திரும்பின உடனே உத்தரவும் வந்து சேரும், நல்லா ஓடிக்கிட்டிருந்த பாட் அப்பத்தான் சாகும்.

இதைவிட மோசம், லிங்க் இல்லாதப்போ கரன்ட் போயிட்டு வர்றது. எந்த பாட் ஓடணும்கறதை குபெலெட் (நோடுல ஓடுற குபெர்னெட்டீஸ் முகவர்) வட்டுல எழுதி வைக்கறதில்ல, மையத்தைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கும். மையம் கிடைக்கலைன்னா பெட்டி எழும்பும், ஆப் எழும்பாது. ஹுவாவே 2018ல எட்ஜுக்கான குபெர்னெட்டீஸ் வடிவமான குபெட்ஜைத் திறந்த மூலமா விட்டப்போ, அந்த விவரத்தை நோடுலயே ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்புல வைக்கற ஏற்பாடு வந்தது இதுக்காகத்தான். குறுக்கு வழியா, கிளஸ்டரோட நிலையைப் பதிவு வைக்கற எட்சிடி டேட்டாபேஸைக் கிடங்குகளுக்கு நடுவுல நீட்டிப் போடவும் கூடாது. இயல்பு அமைப்புல 100 மில்லிநொடிக்கு ஒரு இதயத்துடிப்பு, 1,000 மில்லிநொடி சத்தம் இல்லைன்னா புதுத் தலைவர் தேர்தல். ஆட்டம் காணும் லிங்க்ல நாள் பூரா தேர்தல்தான் நடக்கும்.

இன்னொண்ணு. மூணு பெட்டின்னு சொல்றீங்க. மூணும் ஒரே பவர் ஸ்ட்ரிப்ல, ஒரே சுவிட்சுல செருகியிருந்தா அது ஒரு பெட்டிதான். நான் பார்த்த இடங்கள்ல பெரும்பாலும் அப்படித்தான் இருந்துச்சு.

கிடங்கு_நிரலர்:
அண்ணா, அப்போ உங்கள் அனுபவத்தில் அதிகம் விழுவது எது? கிளஸ்டரா, ஆப்பா?

இரும்புப்பெட்டி:
ரெண்டும் இல்ல. கடிகாரம். ஒரு இடத்துல கரன்ட் போயிட்டு வந்துச்சு. பெட்டி எழும்பிடுச்சு, லிங்க் பச்சை, ஆனா மையத்தோட பேசலை. அங்க இருந்த காவலாளியை திரையில என்ன தேதின்னு படிக்கச் சொன்னேன். பெட்டியில ஏத்தின சிஸ்டம் இமேஜ் உருவாக்கின நாளைப் படிச்சார். மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கு. நேரத்தைச் சரி பண்ற என்டிபி, யூடிபி 123ங்கற போர்ட்ல வெளியே போகணும், அந்தக் கட்டடத்து ஃபயர்வால் அதை விடலை. மையத்தோட சான்றிதழ் அதுக்கப்புறம் புதுப்பிச்சது, அதனால பெட்டி கண்ணுக்கு அது 'இன்னும் செல்லுபடி ஆகாத' சான்றிதழ். டிஎல்எஸ்ங்கற பாதுகாப்பான இணைப்பே நடக்கலை. இணைப்பு இல்லாததால ரிமோட்டாவும் உள்ளே போக முடியலை. அதுக்கப்புறம் கிடங்கு ரவுட்டரே நேரம் கொடுக்கற மாதிரி எல்லா இடத்துலயும் மாத்தினோம்.

கணியன் கேட்ட கெட்ட அப்டேட்டுக்கும் வழி இருக்கு. வட்டுல ரெண்டு பார்ட்டிஷன், புதுசு ஒண்ணுல ஏறும், எழும்பி நலம்னு சொல்லலைன்னா பெட்டி தானா பழசுக்குத் திரும்பும். முதல்ல கொஞ்சம் கிடங்கு, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து அடுத்த அலை. மையத்துல இருந்து தள்ளாதீங்க, பெட்டியே வந்து இழுத்துக்கட்டும். ஒரே நேரத்துல எல்லாத்துக்கும் போகும் வழியே இருக்கக் கூடாது.

கணியன்:
இப்படிச் செய்தால் என் எதிர்ப்பில் பாதி குறையும். மீதிப் பாதி டேட்டா. கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவியது இன்றும் நிற்கிறது: வலை துண்டானால் ஒத்த தரவா, தொடர்ந்த சேவையா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். லிங்க் இல்லாத கிடங்கில் 12 சரக்குப் பெட்டி இருப்பதாகப் பதிவு. மையம் அதில் 10ஐ ஓர் ஆர்டருக்கு ஒதுக்கிவிட்டது. கிடங்கும் 5ஐ லாரியில் ஏற்றிவிட்டது. லிங்க் வந்ததும் எது உண்மை?

நள்ளிரவு_ஷிஃப்ட்:
லாரியில ஏறினதுதான் உண்மை. பொருள் எங்க இருக்கோ அந்தக் கிடங்குதான் அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர். 'இருப்பு 7'ன்னு எழுதி அனுப்பாதீங்க, '5 ஏற்றினோம்'னு நிகழ்வா அனுப்புங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாள எண் போட்டுட்டா ரெண்டு தடவை வந்து சேர்ந்தாலும் ஒரு தடவைதான் கணக்காகும். மையம் ஒதுக்கறது ஒரு கோரிக்கை, கிடங்கு ஒத்துக்கிட்டாத்தான் உறுதி.

கணியன்:
கிடங்குக்குள் மட்டும் என்றால் ஏற்கிறேன். வாடிக்கையாளருக்கு இன்று வரும் என்று வாக்குக் கொடுக்கும் இடம் மையமாகத்தான் இருக்க வேண்டும். கிடங்கு பேசாத நேரத்தில் அந்த வாக்கைக் கொடுக்கவும் கூடாது. ஆகவே 'இதே ஆப்' எட்ஜில் ஓடாது. ஸ்கேன், வரவு, ஏற்றம் ஆகியவற்றைப் பிரித்து எழுத வேண்டும். மேலிடத்திடம் அந்தச் செலவை இப்போதே சொல்லுங்கள், பெட்டி விலையை மட்டும் காட்டாதீர்கள்.

நள்ளிரவு_ஷிஃப்ட்:
பிரிச்சு எழுதணும்கறது சரி. கிளஸ்டர் வேணுமாங்கறதுல நமக்குள்ள இன்னும் ஒத்து வரலை, நான் மூணு பெட்டி பக்கம்தான்.

இரும்புப்பெட்டி:
நான் ஒரு பெட்டி, அலமாரியில ஒரு மாற்றுப் பெட்டி. அங்க இருக்கறவங்க கேபிளை மாத்திச் செருகினா போதும். ரெண்டு பெட்டியை எட்சிடி கிளஸ்டரா மட்டும் போடாதீங்க, பெரும்பான்மைக்கு ரெண்டும் வேணும், ஒண்ணு போனாலே நின்னுடும்.

கிடங்கு_நிரலர்:
நன்றி. முதலில் ஒரு கிடங்கில் ஒரு பெட்டி வைத்து, ஒரு முழு ஷிஃப்டுக்கு லிங்கைத் துண்டித்து, என்னவெல்லாம் நிற்கிறது என்று பட்டியல் எடுக்கப் போகிறேன்.

கணியன்:
துண்டித்த நிலையிலேயே பெட்டியின் மின்சாரத்தையும் ஒரு முறை எடுத்துப் போடுங்கள். கடிகாரத்தை ஒரு வருடம் பின்னே தள்ளியும் பாருங்கள். லாக்குகளை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.