புங்குடுதீவில் செவ்வரத்தை கருகுது: வெயிலா, தண்ணியா?

வேலிக்கரை:
சுண்ணக்கல் நிலம், மேல்மண் முக்கால் அடிதான். வைகாசி தொடங்கினதிலிருந்து செவ்வரத்தை இலையள் ஓரம் கருகி உதிருது. எக்சோராவில் (வெட்சி) குருத்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கிணற்றுத்தண்ணி சவர். தினமும் பின்னேரம் குழாயால் மேலாலை தெளிக்கிறம். பக்கத்தில் பட்டிப்பூவும் கடதாசிப்பூவும் செழிப்பாய் நிக்குது. நிழல்வலை போட்டால் சரிவருமோ?

சோளகம்:
வலை வாங்க முதல் தண்ணி விடுற முறையை மாத்துங்கோ. ஓரக்கருகல் உப்பின் வேலை. இலையில் பட்ட சவர்த்தண்ணி காய, உப்பு அதிலேயே தங்கும். இலை அதை உறிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிக்கிற தண்ணி கீழே இறங்காமல் ஆவியாகி, வேரடியிலும் உப்பைச் சேர்க்கும்.

அடியில் வட்டப்பாத்தி கட்டி, 3 நாளுக்கு ஒருக்கா காலமை 20 லீற்றர் விடுங்கோ. இது 3 அடிச் செடிக்கு. செடி குடிக்கிறதுக்கு மேலால போற தண்ணிதான் உப்பைக் கழுவி இறக்கும். மின்கடத்துதிறன் மானி (உப்புக் கூடக் கூட அதின்ரை அளவு ஏறும்) கிடைத்தால் கிணற்றுத்தண்ணியை அளந்து பாருங்கோ: சென்ரிமீற்றருக்கு 700 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே பயமில்லை, 3000 தாண்டினால் செவ்வரத்தையை மறந்து அலரி, முருங்கை வையுங்கோ.

பூவரசு:
எக்சோராவின் மஞ்சள் வேறை சங்கதி, இரும்புக் குறைபாடு. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கரைய விடாது. அதனால் அன்னபேதியை (இரும்புச் சல்பேற்று உப்பு) மண்ணில் கொட்டுறது வீண். 1 லீற்றர் மழைத்தண்ணியில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி போட்டு, வெயில் தாழ்ந்தபிறகு இலையில் அடியுங்கோ. 10 நாள் இடைவெளியில் 3 தரம். கரைசல் துருநிறமானால் அடியாமல் வெளியிலை ஊத்திவிடுங்கோ, பலன் இல்லை. பழைய இலை தேறாது. புதுக்குருத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேணும்.

வேலிக்கரை:
3 நாள் விட்டால் வாடாதோ?

சோளகம்:
மூடாக்குப் போடாட்டில் வாடும். கிளுவை, பூவரசங் குழையை 3 அங்குலத்துக்குப் பரப்புங்கோ, தண்டில் முட்டக்கூடாது. மாரியில் ஊறின பழைய பொச்சு (தேங்காய் உரிமட்டை) இருந்தால் செடிக்கு 2 அடி தள்ளி, குழிவு மேலே பார்க்க 2 அடுக்குத் தாட்டுவிடுங்கோ. புதுப்பொச்சு வேண்டாம், அதிலும் உப்பு இருக்கு.

வெயிலைவிடச் சோளகக்காற்றுத்தான் (தென்மேற்குக் காற்று) இலையைக் கூட உலர்த்தும். தென்மேற்குப் பக்கம் பனையோலை வேலி அடையுங்கோ. மதில் வேண்டாம்: காற்று ஏறி மற்றப்பக்கம் சுழன்று விழும். ஓலை இடுக்கால் கொஞ்சம் போனால்தான் வேகம் அடங்கும்.

பூவரசு:
மோட்டரையும் கவனியுங்கோ. தீவில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்குது. ஒரேயடியாய் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாய் இறைத்துத் தொட்டியில் சேருங்கோ.